டப்ளின் ஊர்வலம் யார் வீட்டு விசேஷம்?

டப்ளின்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மார்ச் 17 புனித பாட்ரிக் தின ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "அயர்லாந்துக்காரன் திருவிழாவில் அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதற்கு பேண்டு வாசிக்கிறார்கள், உள்ளூரில் ஆளே இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். சாமிதான் உள்ளூர், ஊர்வலம் வெளியூர்ச் சரக்கு. சாமியும் முழு உள்ளூர் இல்லை. புனித பாட்ரிக் பிரிட்டனில் பிறந்து, கடற்கொள்ளையரிடம் சிக்கி அடிமையாக இங்கே வந்தவர். அயர்லாந்துப் பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டினார் என்பது கதை. நல்லவேளை, நம் கல்பாக்கம் பக்கம் அவர் வரவில்லை. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு விஷம் எடுக்க ஒரு பாம்பு மிஞ்சியிருக்காது.

நியூயார்க்கில் 1762இலேயே, பிரிட்டிஷ் படையிலிருந்த ஐரிஷ் சிப்பாய்கள் இந்த நாளுக்காகத் தெருவில் நடந்தார்கள். அயர்லாந்தில் இது பொது விடுமுறையானதே 1903இல்தான். டப்ளினின் இன்றைய பெரிய விழா அரசு 1995இல் திட்டமிட்டு 1996இல் தொடங்கியது. அதற்கு முன் நெடுங்காலம் இங்கே இது பெரும்பாலும் பூசைக்குப் போய், சட்டையில் ஷாம்ராக் இலை குத்திக்கொள்ளும் நாள். உலகமே இந்த நாளைக் குடியோடு சேர்த்து நினைக்கிறது; ஆனால் 1927 முதல் 1960களின் தொடக்கம் வரை அன்று மதுக்கடைகளுக்குச் சட்டப்படி பூட்டு. டப்ளினில் அதற்குப் பேர்போன விலக்கு, ராயல் டப்ளின் சொசைட்டியின் நாய்க் கண்காட்சி. அங்கே ஊற்றுவார்கள். எனவே வருஷத்துக்கு ஒரு நாள் நகரத்தில் நாய்ப்பிரியர்கள் திடீரென்று பெருகினார்கள். பரிசு நாய்களுக்கு, தாகசாந்தி உடன் வந்தவர்களுக்கு, நாயே இல்லாமல் வந்தவர்களுக்கும். டெரியர் எது, கிரேஹவுண்ட் எது என்று தெரியாதவரும் கடைசிக் குட்டி மேடை இறங்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார். நாய் வளர்ப்புக்கு இவ்வளவு தொண்டு செய்த சட்டம் வேறெங்கும் இருக்காது.

ஆக, உள்ளூர்க்காரன் வாயைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் கொட்டடித்தவன் ஊரை விட்டுப் போனவன். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகையை இந்தத் தீவு இன்னும் திரும்ப எட்டவில்லை. அமெரிக்காவில் ஐரிஷ் வம்சம் என்று சொல்லிக்கொள்பவர்களோ 3 கோடிக்கும் மேல். போன இடத்தில் "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்" என்று காட்டவே அவர்களுக்கு ஊர்வலம் தேவைப்பட்டது. சொந்த ஊரில் இருப்பவனுக்கு அந்தத் தேவை இல்லை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஐரிஷ் ரத்தமே இருக்காது என்பீர்கள். இருக்கட்டும், அவர்கள் சுமந்து வருவது அங்கே உருவான வழக்கத்தை.

சுற்றுலா வியாபாரம்தானே என்றும் கேட்பீர்கள். ஆமாம், அரசு இதில் இறங்கியதற்கு அதுவும் காரணம். ஆனால் நம் பக்கத்துத் திருவிழாவுக்கு வரும் கேரளத்துச் செண்டைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு அடிக்கிறார். இந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரில் நன்கொடை திரட்டி, கைக்காசும் போட்டு வந்து வாசிக்கிறார்கள். வெறும் வியாபாரத்தில் வாசிப்பவன் பணம் கொடுப்பதில்லை. பித்தளை வாத்தியத்தில் ஐரிஷ்தனம் எங்கே என்ற ஆட்சேபமும் நமக்கு ஆகாது. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது கோட்டை பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் போட்டார். அந்த நோட்டுஸ்வரங்களில் ஐரிஷ் மெட்டும் உண்டு.

ஒரு குறை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே போன ஐரிஷ்காரன் கண்டுபிடித்ததைத் தாய்நாடு கூச்சமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டது. நாங்கள் குளிரில் கொண்டாடும் பொங்கலை வீடியோவில் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். நேரில் வந்து தீர்ப்புச் சொல்லுங்கள். ஊர்வலம் நண்பகலில் பார்னெல் சதுக்கத்தில் புறப்பட்டு, ஓ'கானல் தெரு வழியாக ஆற்றைக் கடந்து, பாட்ரிக் பேராலயத்தைத் தாண்டிப் போகும். விசாவுக்கு நேரத்தோடு மனுப்போடுங்கள், பெரியம்மாவுக்கும் சேர்த்து.