வாலாஜா ஏரியில் வாத்துக்கு எந்த மாதம்?

கேள்வி (ஓய்வுபெற்ற சுரங்க ஊழியர், 16ஆம் வட்டம், நெய்வேலி): குளங்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் வாத்து வேட்டைக்கு நாள் குறிப்பார்கள் என்று அமெரிக்காவில் இருக்கும் என் மகன் சொல்கிறான். நிஜமா? நம் வாலாஜா ஏரிக்கு அப்படி மாதம் உண்டா?

பதில்: அங்கே நிஜம். கனடா, அமெரிக்கப் புல்வெளிகளின் மேல் மே மாதம் விமானத்தில் பறந்து வாத்துகளை எண்ணுவார்கள். தண்ணீர் நிற்கும் குட்டைகளையும் எண்ணுவார்கள். குட்டை பெருத்தால் குஞ்சு பெருகும். 1995 முதல் இந்தக் கணக்கை வைத்துத்தான் வேட்டை நாட்களைக் கூட்டுவதும் குறைப்பதும்.

நமக்கு மாதமே கிடையாது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, உரிமம் வாங்கிச் சிலவற்றைச் சுட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. துப்பாக்கி மட்டும்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம். வலை, கண்ணி, நஞ்சு வைத்த இரை எல்லாமே வேட்டை. கூட்டைக் கலைத்தாலும் முட்டையை உடைத்தாலும் வேட்டைதான். ஜெயில் உண்டு.

கேள்வி (இல்லத்தரசி, குறிஞ்சிப்பாடி): மழை கொட்டி ஏரி தளும்பும்போது ஒரு வாத்தையும் காணோம். தண்ணீர் வற்றினால் கூட்டமாக வருகின்றன. தலைகீழாக இருக்கிறதே?

பதில்: சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நம் பக்கம் வரும் வாத்துகளில் பெரும்பாலானவை முக்குளிப்பவை அல்ல. நீலச்சிறகியையோ ஊசிவால் வாத்தையோ கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். தலையையும் கழுத்தையும் நீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, அப்படியே செங்குத்தாக நிற்கும். கால்கள் மட்டும் துடுப்புப் போட்டபடி இருக்கும். அந்த நிலையில் அலகு எட்டும் ஆழத்தில்தான் அதற்குச் சாப்பாடு: கோரை விதை, புழு, சின்ன நத்தை. கணுக்கால் அளவிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீர் இருந்தால் விருந்து. இடுப்பளவு ஏறினால், ஏரி எவ்வளவு பெரியதானாலும் பட்டினி. ஊசிவாலுக்குக் கழுத்து நீளம் என்பதால் கொஞ்சம் கூடுதல் ஆழத்திலும் சமாளிக்கும். குட்டைக் கழுத்து நீலச்சிறகியால் முடியாது.

அதனால்தான் கார்த்திகையில் ஏரி தளும்பும்போது அவை தண்ணீர் நிற்கும் வயல்களுக்கும் சின்னக் குட்டைகளுக்கும் பிரிந்துபோகின்றன. சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி 47.50 அடியைத் தொட்டால் சென்னைக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் நடு ஏரியின் அந்த ஆழத்தில் நீலச்சிறகிக்கு வேலையில்லை. தை, மாசியில் நீர் இறங்க இறங்கக் கரையோரச் சேறு வெளிவரும், வாத்துகளும் திரும்பும்.

கேள்வி (பொறியியல் மாணவர், 27ஆம் வட்டம்): சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் பறவைகளுக்கு நல்லதா, கெட்டதா?

பதில்: இரண்டும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பொத்துக்கொள்ளும். 1957இல் வெட்டத் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தில் இந்த வேலை ஓய்வதில்லை. இறைத்த நீரில் ஒரு பங்கு ஓடைகள் வழியே வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியே பெருமாள் ஏரிக்கும் போகிறது. சுற்றுவட்டாரக் குளங்கள் காய்ந்து வெடித்துக் கிடக்கும் மாதங்களிலும் இங்கே ஈரம் இருக்கக் காரணம் இதுதான். பறவைக்கு அது வரம்.

மறுபக்கமும் உண்டு. மழையை நம்பும் ஏரி ஐப்பசியில் ஏறும், பங்குனியில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கோரை முளைக்கும், விதை விழும், புழு பெருகும். ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் நீரில் இது நடக்காது. தண்ணீரோடு மண்ணும் வருகிறது. வாலாஜா ஏரி தூர்ந்துபோய்க் கிடந்ததும், பிறகு சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் செலவில் தூர்வாரப்பட்டதும் ஊருக்குத் தெரியும். பாசனத்துக்குத் தூர்வாரத்தான் வேண்டும். ஆனால் அடுத்த முறை கரையை ஒட்டிக் கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டாமல், ஒரு பக்கத்தையாவது சரிவாக விடும்படி பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் பொறியியல்தானே படிக்கிறீர்கள்? இந்தச் சரிவை ஒரு பிராஜெக்டாக எடுங்களேன்.

கேள்வி (ஆசிரியை, வடலூர்): நெய்வேலிக் காட்டாமணக்கை அழிப்பதா, விடுவதா?

பதில்: அழியுங்கள். தென்னமெரிக்கச் செடி. வாத்துக்கு வேண்டிய அந்தக் கரையோர ஆழமற்ற நீரைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. ஆடுமாட்டுக்கும் ஆகாது. கோடையில் நீர் வடிந்ததும் வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிப்போட்ட தண்டு ஈரத்தில் மறுபடி வேர்விடும்.

கேள்வி (வியாபாரி, விருத்தாசலம்): வேட்டைக்காரர்கள் இருந்ததால்தான் ஏரிகள் பிழைத்தன என்று ஒரு வாதம் இருக்கிறதே?

பதில்: அமெரிக்காவில் அதில் உண்மை இருக்கிறது. 1934 முதல் 16 வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்புநிலம் வாங்கிக் காக்கிறார்கள். நம் நாட்டுக் கதை வேறு. பரத்பூர் மகாராஜாக்கள் அஜான் அணையிலிருந்து நீரைத் திருப்பி ஏரியை நிரப்பியதே சுடுவதற்குத்தான். 1938 நவம்பர் 12இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது.

அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே நம் வேடந்தாங்கல் ஜனங்கள் வேறு வழி காட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதும், ஊர்க்காரர்கள் நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக்கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. முத்திரையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. நான் வேடந்தாங்கல் கட்சி.

கேள்வி (பெயர் வேண்டாம், சேத்தியாத்தோப்பு): சிறகிக் கறி உடம்புக்கு நல்லது என்று காதும் காதும் வைத்தாற்போல் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நஞ்சு கலந்த நெல்லைத் தின்று விழுந்த பறவையா, வலையில் சிக்கியதா என்று உரித்த கறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாத்துக் கறி வேண்டுமென்றால் பண்ணை வாத்து இருக்கிறது.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, 11ஆம் வட்டம்): நாங்கள் என்ன செய்ய முடியும், சார்?

பதில்: நிறையச் செய்யலாம், அம்மா. தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொள். மாசி, பங்குனியில் நீர் சுருங்கி, ஏரி முழுக்கப் பரவியிருந்த பறவையெல்லாம் ஒரு மூலைக் குட்டையில் குவியும். சைபீரியா வரை திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கும் வாரங்களும் அவைதான். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. அவை குவியும் மூலையும் வாரமும் வலைக்காரருக்குத் தெரியும். காவலுக்கும் தெரிய வேண்டும். ஆண்டுதோறும் வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் உன் பள்ளியைச் சேர்க்கச் சொல். கணக்கு முடிந்த பிறகும் ஏப்ரல் வரை வாரம் ஒரு நாள் பெரியவர்களோடு கரையில் நட. வலைக் கம்பையோ செத்த வாத்தையோ பார்த்தால் தொடாதே. படம் எடுத்து அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்.