நெகட்டிவ் பதிப்பியல்: புழல் வட்டாரப் பாடபேதங்கள்

சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளோடு பட்ட பாடு ஊரறிந்தது. ஆனாலும் எந்த ஏட்டிலும் சீவகன் தலை நரைத்து, பல் கறுத்து நிற்கவில்லை. கல்யாண நெகட்டிவைப் பதிப்பிக்க உட்காருகிறவனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மணமகன், தோழன், பந்தி பரிமாறுகிற பையன் என்று எல்லோரும் நரைத்துப்போய்த்தான் அறிமுகமாகிறார்கள்.

நெகட்டிவை டிஜிட்டல் கேமராவால் படம்பிடித்துக் கணினியில் நேராக்குவதை வெறும் நகலெடுப்பு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பதிப்புப் பணியே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் புழல். ஒரு காலத்தில் தொண்டை மண்டலத்துக் கோட்டம் ஒன்றின் தலையூர். 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. ஏரிக்கும், 2006-இலிருந்து மத்திய சிறைக்கும் பெயர்போன ஊர். நெகட்டிவுக்கும் பெயர்போக வேண்டும் என்பது ஆய்வாளரின் அவா.

மூலப்பிரதியின் அகலம் 35 மில்லிமீட்டர். படத்தின் அளவு 36-க்கு 24. ரோலுக்கு 36 படம், கைராசிக்காரர்களுக்கு 37. ஸ்டுடியோக்காரர் கழுவி, பிரிண்ட் போட்டு, நெகட்டிவை நான்கும் ஆறுமாக நறுக்கி உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். பிரிண்ட் ஆல்பத்துக்குப் போகும். ஆல்பத்திலிருந்து, “பாத்துட்டுத் தரேன்” என்று சொன்ன உறவினரின் கைப்பைக்குப் போகும். நெகட்டிவை யாரும் இரவல் கேட்பதில்லை. மூலம் இன்றுவரை பிழைத்துக் கிடப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மனிதர்கள் விட்டுவைத்தாலும் பூஞ்சை விடுவதில்லை. ஃபிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. நெகட்டிவைப் பூஜை அலமாரியில் பத்திரப்படுத்திய சுத்த சைவக் குடும்பங்களுக்கு இதைத் தெரிவிக்க ஆய்வாளருக்கு மனமில்லை. காற்றில் ஈரப்பதம் நெடுநாள் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை ஜெலட்டினைத் தின்னத் தொடங்கும். ஏரியோரத்து ஊரில் அது பட்டினி கிடந்ததாகச் செய்தி இல்லை.

விளக்கு விஷயத்தில் அறிஞர்கள் மூன்று அணி. ஜன்னல் வெளிச்சமே போதும் என்பார் ஓர் அணியினர். மேகம் ஒன்று கடந்தால் ஒரே ரோலில் இரண்டு நிறம் வரும், ஐப்பசி பிறந்தால் ஆய்வே நின்றுவிடும். டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு அதன்மேல் ஃபிலிமை வைப்பார் இன்னோர் அணியினர். மாப்பிள்ளையின் முகத்தில் திரையின் புள்ளிகள் வலைபோட்டு விழும். ஃபிலிமைத் திரையிலிருந்து நாலைந்து விரற்கடை உயர்த்தினால் வலை மறையும். மூன்றாம் அணி எல்.இ.டி. பலகை வாங்கியவர்கள். அவர்கள் சொல்வதே சரி. ஆனால் காசு செலவழித்துப் பெற்ற கருத்து என்பதால் மற்ற இரு அணியினரும் ஏற்பதில்லை.

கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ் வேண்டும். ஃபிலிமுக்கு நேர் மேலே, கீழ்நோக்கி நிற்க வேண்டும். ஃபிலிம் கிடக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்தால், லென்ஸ் திரையின் நட்டநடுவில் தன் முகத்தையே பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கோணல். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8, கோப்பு ரா வடிவம். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் நீளத்துக்கு 6,000 புள்ளி, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 4,200. இதற்கு மேல் தோண்டினால் அநேகமாக ஃபிலிமின் மணல்தான் பெரிதாகும், தாத்தாவின் மூக்கு தெளியாது.

இங்கே வட்டாரக் காரணி ஒன்று குறுக்கிடுகிறது. ஷட்டரைத் தொடாதே, இரண்டு விநாடி டைமர் வை என்பார்கள் விவரமறிந்தவர்கள். அவர்கள் ஜி.என்.டி. ரோட்டோரம் குடியிருந்தவர்கள் அல்லர். கண்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் ஸ்டாண்டும் கேமராவும் மேசையும் ஒருசேர நடுங்கும். அரை விநாடி எக்ஸ்போஷரில் மணமகளுக்கு நான்கு கண். இரண்டு லாரிகளுக்கு நடுவே வீடு அசையாதிருக்கும் கால அளவுக்குப் ‘புழல் மாறிலி’ என்று பெயரிட்டோம். மாறிக்கொண்டே இருப்பது எப்படி மாறிலியாகும் என்று பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் ஆட்சேபித்தார். பெயர் வைத்தாகிவிட்டது. ஃபிலிமுக்குப் பின்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் வேலையை முடித்துவிடும், லாரியின் பருப்பு வேகாது. ஆனால் மாறிலிக்கும் வேலை இல்லாமற் போகும் என்பதால் இம்முறையை நாம் வலியுறுத்தவில்லை.

அடுத்தது வலமிடம். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மறந்துவிட்டால் முந்தானையைப் பார்க்கவும். அது வலத் தோளில் விழுந்திருந்து, பந்தியில் அத்தனை பேரும் இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பிரதி புரண்டிருக்கிறது. ஒருவர் மட்டும் வலக்கையால் சாப்பிட்டால் அவர் இடக்கைக்காரர். பதிப்பாசிரியர் அவரைத் திருத்தக் கூடாது.

இனி நிறம். கறுப்பு வெள்ளை மூலங்கள் சாது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோலாக இருந்தால் தலைகீழாக்கினால் வேலை முடிந்தது. கலர் நெகட்டிவோ உடம்பெல்லாம் ஆரஞ்சு பூசியிருக்கும். கறை அல்ல, கணக்கு. ஃபிலிமின் சாயங்கள் சுத்தமில்லாதவை. ஒன்று செய்யும் பிழையை இன்னொன்றால் ஈடுகட்டவே அந்த ஆரஞ்சு. பிரிண்ட் தாளும் லேப் மெஷினும் அதைக் கழிக்கக் கற்றவை. கேமராவுக்கு அந்தப் படிப்பு இல்லை. ஆகவே முதல் தலைகீழாக்கலில் ஆரஞ்சு நீலமாகி, சம்பந்தி வீட்டார் முழுக்க புராணப் படத்துக்கு வேஷம் கட்டியவர்கள்போல நீலமேனியராய் வந்து நிற்பார்கள். படத்தின் ஓரத்து வெற்றிடத்தைத் தொட்டுக் கணினிக்கு அடிநிறத்தைச் சொல்லிவிட்டால் நீலம் இறங்கும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே நெகடாக்டர் என ஒரு பகுதி இருக்கிறது. வைத்தியர் மருந்து தருவார். உண்மையான நிறம் எது என்று சொல்ல மாட்டார். அது ஃபிலிமிலேயே முழுதாக இல்லை.

வெள்ளைக்குச் சாட்சி வேட்டி என்று முதலில் கருதினோம். பட்டு வேட்டி சந்தன நிறம், சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. பருத்தி வேட்டியில் சொட்டு நீலம். அதை வெள்ளை என்று நம்பிப் படத்தைத் திருத்தினால் ஐயர் முதல் நாதஸ்வரக்காரர் வரை மஞ்சள் காமாலை.

சாட்சி பிறழ்ந்தால் மரபைக் கேட்க வேண்டியதுதான். மரபு என்பது இங்கே அத்தை. “என்னடா இது, எலுமிச்சங்கலரு? எங்கூரைப் புடவை மாம்பழக்கலருடா.” சித்தி மறுத்தார்: “இல்லக்கா, அரக்கு. நானும்தானே கடைக்கு வந்தேன்.” பிரிண்ட் சாயம் போய்விட்டது, புடவையோ பாத்திரக்காரரிடம் கொடுத்து எவர்சில்வர் குடமாகிவிட்டது. பழைய பிரிண்டே பத்திரமாக இருந்தாலும் தீர்ப்பாகாது. அது லேப்காரரின் பாடம். “பொண்ணைக் கொஞ்சம் கலரா போடுங்க” என்று கேட்டவர்களுக்கு அவர் மஞ்சளைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, ஊர் முழுக்க மணப்பெண்களைச் சிவக்கவைத்த ஆசாமி. அவரை நொந்து பயனில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை 1858-இல் காகித நெகட்டிவில் எடுத்த லின்னேயஸ் டிரைப், வெறிச்சோடிய வானம் பிடிக்காமல் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டிய மனிதர். நம் ஸ்டுடியோக்களில் பென்சிலால் அம்மைத் தழும்பை அழித்தவர்கள் அந்தப் பரம்பரை. அவர்கள் எல்லோரும் பதிப்பாசிரியர்கள். பாடபேதம் குறிக்காதது ஒன்றே அவர்கள் குறை.

நாம் குறித்தோம். பாடம் அ: மாம்பழம், அத்தை வழி. பாடம் ஆ: அரக்கு, சித்தி வழி. இரண்டும் தனித்தனிக் கோப்பாக, ஆதாரக் குறிப்புடன் குடும்ப வாட்ஸ்அப்பில் வெளியிடப்பட்டன. கால் மணி நேரத்தில், பெங்களூரிலிருக்கும் அத்தை பேத்தி பாடம் அ-வை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, “இதான் பழைய போட்டோ மாதிரி இருக்கு” என்று திருப்பி அனுப்பினாள். அத்தை, சித்தி இருவரும் இதயம் போட்டது அதற்குத்தான்.