மருமவனே, தொவைக்கிற கல்லு எங்க?

மருமவனே, ஒன் புது வீட்டு பிளானைப் பாத்தேன். குத்தம் சொல்ல முடியாது. சினிமா பாக்க ஒரு ரூம்பு, செருப்புக்கு ஒரு ரூம்பு, சாமிக்கு மட்டும் சின்னதா ஒரு மாடம். தொவைக்கிற எடம் எங்கலேன்னு கேட்டா மாடிப்படிக்கு அடியில விரலை வைக்கே. குனிஞ்சு உள்ள போனவ நிமுந்தா மண்டை ஒடையும். அஞ்சு வருசம் காலேசுல படிச்சவன் போட்ட கோடு, பட்டிக்காட்டான் நான் என்னத்தைச் சொல்ல? ஆனா மனசத் தளர விடாத. ஒனக்கு முந்தி பெரிய பெரிய சீமைக்காரனெல்லாம் இதே கூத்தை அடிச்சிருக்கான்.

பிரான்சு தேசத்துல ஊருக்கு ஊரு துணி தொவைக்கன்னே ஒரு கட்டடம் உண்டு. 'லவுவார்'ம்பாக. தண்ணிய அவுக நடத்துன நடப்பைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடலாம். ஊத்துத் தண்ணி மொதல்ல குடிக்க, மிச்சம் மாட்டுத் தொட்டிக்கு, அதுக்கும் மிச்சம்தான் அழுக்குத் துணிக்கு. அந்தத் தொட்டியிலயும் அலசுறவ மேல, சோப்புப் போடுறவ கீழ. மாத்தி உக்காந்தான்னா மத்தவளுக அவளையே வெளுத்துக் காயப் போட்டுருவாளுக. பர்கண்டிப் பக்கம் சில ஊருல கூரை நாலு பக்கமும் உள்ளாற சரியும், நடுவுல வானம் தெரியும். மழை நேரா தொட்டிக்குள்ள விழும், தொவைக்கிறவ தலையில விழாது. தொனேர்னு ஒரு ஊருல பாதாளத்துல இருந்து வார மாதிரி ஒரு ஊத்து. 1758-ல அதைச் சுத்தி வட்டத் தொட்டி கட்டி, ஓரத்துல அரைவட்டமா கூரை போட்டாக. ஊத்துக்கு அடியில ராட்சசப் பாம்பு கெடந்ததா ஒரு பழங்கதை. கரையில நடந்த பேச்சைக் கேட்டு அதுதான் பயந்து ஓடியிருக்கும்னு நான் நினைச்சுக்கிடுதேன்.

காலரா பயத்துல சர்க்காருக்கும் புத்தி வந்துச்சு. குளிக்கிற எடமும் தொவைக்கிற எடமும் கட்ட 1851 பிப்ரவரி 3-ல சட்டம் போட்டு 6,00,000 பிராங்க் ஒதுக்குனாக. துட்டு வந்தாச்சுன்னா கேக்கணுமா? சில ஊருல தூணு, வளைவு, முகப்புன்னு கோயிலு கணக்கா எழுப்பிட்டாக.

சரி, தொவைக்கிறவ எங்க? தரையில கெடக்கா. தொட்டிக்கரையில சரிவா ஒரு கல்லு. கல்லுக்கு முன்னால மூணு பக்கம் அடைச்ச மரப்பெட்டி, உள்ள கொஞ்சம் வைக்கோலு. அதுல முட்டி போட்டு, மரமட்டையால துணிய அடிச்சு, பனிக்காலத்துத் தண்ணியில கைய விட்டுக்கிட்டு பொழுதுக்கும் இருக்கணும். தூணுக்கு உசரம் பாத்த மேஸ்திரிக்கு மொழங்காலு கண்ணுல படல. கல்லை இடுப்பளவுக்கு ஒசத்துனா நின்னுக்கிட்டே தொவைக்கலாம்ங்கிற ரோசனை சில ஊருக்குப் பின்னாலதான் வந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை. ரோமாபுரிக் காலத்துல பாம்பேயின்னு ஒரு ஊரு, கி.பி. 79-ல எரிமலைச் சாம்பல்ல பொதைஞ்சது. அங்க வெளுக்கிற பட்டறையில துணிய மிதிச்சவன் ஆம்பளை. பழைய மூத்திரத்தை ஊத்தித்தான் மிதிப்பான், மூக்கைப் பொத்தாத. அவன் நிக்கிற தொட்டிக்கு ரெண்டு பக்கமும் கையூணிக்கிடக் கட்டைச் சுவரு கட்டியிருக்கு. ஆம்பளை நின்ன எடத்துல மட்டும் சுவரு தானா மொளைச்சிருக்கு, பாத்தியா?

பொம்பளைக்குன்னு ஒரு நல்லது நடக்கணும்னா அது பொம்பளை வீட்டுச் சமையக்கட்டுல இருந்துதான் வரணும் போல. இங்கிலாந்துல லிவர்பூல்ல கிட்டி வில்கின்சன்னு ஒரு ஏழைப் பொம்பளை. 1832-ல காலரா வந்தப்போ அந்தத் தெருவுலயே தண்ணி காய்ச்சுற கொப்பரை அவ வீட்டுல மட்டுந்தான். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, வாங்க, இங்கயே துணிய வேகவச்சுத் தொவைங்கன்னா. அது வளந்து 1842-ல பிரெடரிக் தெருவுல ஊருப் பொதுவா குளிக்கிற கூடமும் தொவைக்கிற கூடமும் ஆச்சு. பெறவு அதைப் பாத்துக்கிடுத வேலையும் அவளுக்கும் அவ புருசனுக்குமே கெடைச்சுது. 1846-ல இதுமாதிரி கட்டிக்கிட ஊருகளுக்கு அதிகாரம் குடுத்துச் சட்டமே வந்துட்டு. அந்த ஊரு செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துல ஆம்பளைச் சிலைகளுக்கு நடுவுல இப்ப அவளும் நிக்கா, 2012-ல வச்சாக. எந்தக் காலேசுலயும் பிளான் போடப் படிக்காதவ.

அதனால ரப்பரை எடுத்து அந்த மாடிப்படிக் கோட்டை அழி. கெழக்குச் சுவரு ஓரமா எடம் விடு, வெயிலு விழட்டும். தரைக்கு வாட்டம் வை, தண்ணி வாழைக்குப் போவட்டும். கல்லை இடுப்பளவுக்கு ஒசத்திக் கட்டு. யாரு இடுப்புன்னு முழிக்காத, ஒன் இடுப்புதான். தொவைக்கப் போறது நீதான்னு ஒன் பொண்டாட்டி நேத்தே எங்கிட்டச் சொல்லிட்டா.