பவருக்குத் தமிழ்

ஆங்கிலத்தில் ‘பவர்’ ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறார்கள், பாவம். நாம் கரண்டுக்கு மின்சாரம், பதவிக்கு அதிகாரம், அம்மனுக்குச் சக்தி, பவர்லூமுக்கு விசைத்தறி என்று பிரித்துக் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடிக்குத்தான் இன்னும் பவரே.

போர்வைக்குப் பேர்போன சென்னிமலைப் பக்கம் வந்தால் இதைவிட நயமான மொழிபெயர்ப்பு காணலாம். பெட்ஷீட்டைக் கைத்தறிக்கே ஒதுக்குகிறது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். சில வியாபாரிகள் அதை அட்சரம் பிசகாமல் மதிக்கிறார்கள்: பவர்லூமில் ஓடியதையும் ‘கைத்தறி’ என்றே தமிழ்ப்படுத்துகிறார்கள். சுவிட்சைத் தட்டியது கைதானுங்களே!

அரசும் சளைக்கவில்லை. 2023 முதல் இரண்டு மாதத்துக்கு விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம், கைத்தறிக்கு 300. பவரே வேண்டாத தறிக்கு அதுவே ஜாஸ்தி.

அசல் வேண்டுமென்றால் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். எழுத்து தெரியவில்லையா? கண்ணாடிப் பவரைக் கூட்டுங்கள். கடைக்காரரிடம் மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.