பத்து நிமிடப் பாக்கியம்

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். தங்கைக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிரசவம். பிள்ளை 1,340 கிராம். மூச்சுக்குத் திணறிய அந்தச் சிசுவை டாக்டர்களும் சிஸ்டர்களும் பிழைக்க வைத்தார்கள். அந்தப் புகழைப் பாட ஊரே இருக்கிறது. பெற்றவர்களை அவர்கள் பராமரித்த அழகைப் பாடத்தான் ஆளில்லை.

தரிசன நேரம் காலை 11 முதல் 11.10 வரை, மாலை 5 முதல் 5.10 வரை. காலையில் அம்மா, மாலையில் அப்பா. தாய்மாமனுக்குக் கண்ணாடிக்கு வெளியே தர்மதரிசனம். தொட்டுப் பார்க்கலாமா என்று தங்கை கேட்டாள். “இன்ஃபெக்‌ஷன் வந்துடும்மா” என்றார்கள். அன்று ஏ.சி. பழுதுபார்க்க வந்த பையன் அரை மணி நேரம் உள்ளே இருந்தான். கிருமி பெற்றவள் கையில் மட்டும்தான் குடியிருக்கும் என்கிற நுட்பம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வராந்தாவில் இரும்பு நாற்காலிகள். யாரும் படுத்து முதுகைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வோர் இருக்கைக்கும் நடுவே கைப்பிடி வைத்திருந்தார்கள். நள்ளிரவில் “பேபி ஆஃப் மீனா அட்டெண்டர்!” என்று ஒலிபெருக்கி கூப்பிடும். மாப்பிள்ளை செருப்பை விட்டுவிட்டு ஓடுவார். நீட்டப்படுவது மருந்துச் சீட்டாக இருக்கும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் எத்தனை ஆயிரம் என்றுகூடப் பார்க்காமல் கட்டிவிட்டு வருவார். பணக்கவலையை மறக்கடிக்கும் இந்த வைத்தியத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

நான்காம் நாள் தங்கையை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அன்றிலிருந்து அவள் நோயாளி இல்லை, பார்வையாளர். எதிர் லாட்ஜில் தங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு, சிசேரியன் தையலைப் பிடித்தபடி இரண்டு மாடி ஏறி ஜன்னலில் கொடுத்துவிட்டு இறங்குவாள். பிரசவித்த உடம்புக்கு நடை நல்லதல்லவா! அந்த ஜன்னலுக்கு மேலேயே பெரிய படம் ஒன்று: மார்போடு சிசுவை அணைத்த தாய், கீழே ‘தாயின் அணைப்பே முதல் மருந்து’ என்ற வாசகம். மருந்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். காலாவதி ஆகாது.

வெளியுலகம்தான் கெட்டுக் கிடக்கிறது. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில், இங்குபேட்டர் போதாத ஏழை ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவைக்க ஆரம்பித்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளை, உடல்நிலை தேறும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே அப்படி அணைத்ததில், இறப்பு கால் பங்கு குறைந்ததாம். அதற்காக டெல்லி சப்தர்ஜங் அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பெற்றோரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் 2017இலேயே வழிகாட்டி வெளியிட்டது. கட்டணம் இல்லாத சிகிச்சை என்றால் இப்படித்தான் கண்டவர்களும் செய்யக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரி அந்தச் சபலத்துக்கெல்லாம் ஆளாகவில்லை.

டாக்டர் சொல்லும் விளக்கத்திலும் அதே சிக்கனம். “இன்னைக்கு எப்படி சார் இருக்கு?” “நேத்து மாதிரிதான்.” “நேத்து எப்படி சார் இருந்துச்சு?” அதற்குள் லிஃப்ட் வந்துவிடும்.

26ஆம் நாள் பிள்ளையைத் தங்கை கையில் கொடுத்தார்கள். அவள் அதை முழுதாகத் தூக்கியது அன்றுதான். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் விழித்தாள். “பழகிடும்மா” என்று ஒரு சிஸ்டர் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பில்லோடு கருத்துப் படிவமும் வந்தது. ஐந்து நட்சத்திரத்துக்கு மேல் கட்டம் இல்லாததால் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி பழக்கிவிட்ட ஒழுங்கு வீட்டிலும் தொடர்கிறது. காலை பதினொன்று அடித்தால் தங்கை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தொட்டிலருகே போய் நிற்கிறாள். “தூக்கேன்டி, உன் பிள்ளைதானே” என்கிறாள் அம்மா. தூக்குகிறாள். பத்து நிமிடம் ஆனதும் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள்.