கறி கொஞ்சம், வெங்காயம் மிச்சம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், பழைய 66-ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் சிற்றூர் எல் ரீனோ. 1920களில் அங்கே கையில் காசில்லை, கறியோ விலை அதிகம். வெங்காயம் மட்டும் மலிவு. கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

கொத்துக்கறி உருண்டையைச் சூடான கல்லில் வைத்து, மேலே ஒரு கைப்பிடி வெங்காயச் சீவலைக் குவித்து, கரண்டியால் நசுக்கினார்கள். வெங்காயம் கருகிக் கறியோடு ஒட்டிக்கொண்டது. பார்ப்பதற்குப் பெரிய பர்கர்!

சிக்கனம் இன்று பாரம்பரியமாகிவிட்டது. 1926இல் அங்கே தொடங்கிய ராபர்ட்ஸ் கிரில் என்ற பர்கர் கடைக்கு வெளியூரார் காரோட்டி வருகிறார்கள்.

அந்த ஊரின் மே மாதத் திருவிழாவில் சுடும் ராட்சத பர்கரின் எடை 350 கிலோவுக்கு மேல். டயட்டில் இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் வேறு ஊருக்குப் போவது உத்தமம்.