சத்தமில்லாத வண்டி, சத்தமாகச் சில கேள்விகள்

பேட்டரி வண்டி தீப்பிடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டில் வாங்கவே கூடாது என்கிறார்கள். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?
வாசகர், மதுரை

எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ஸ்வீடனில் 2022-ல் தீப்பிடித்த மின்சார, ஹைபிரிட் கார்கள் 23. அப்போது அங்கே ஓடியவை ஆறு லட்சத்துக்கும் மேல். பெட்ரோல், டீசல் கார்கள் எரிவது இதைவிடப் பல மடங்கு அதிகம். பழகிப்போனதால் அது நமக்குச் செய்தியாகத் தெரிவதில்லை. கூடவே மறுபாதி உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: பேட்டரி எரிவது அபூர்வம், எரிந்தால் அணைப்பது பெரும்பாடு. வண்டியை வாங்குங்கள், அதற்கான பழக்கங்களையும் சேர்த்து வாங்குங்கள்.

ராத்திரி ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாமா?
வாசகி, வேலூர்

வேண்டாம் அம்மா. உங்கள் ஊர் 2022 மார்ச்சில் இதற்கு விலை கொடுத்துவிட்டது. இரவில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படி வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தைக் கட்டாயம் பாருங்கள்.

சார்ஜ் போடும் இடம் படுக்கை அறையாகவோ, வாசல் வழியாகவோ, மாடிப்படிக்குக் கீழாகவோ இருக்கக்கூடாது. தீ பிடித்தால் நீங்கள் ஓடவேண்டிய வழியில் அந்த வண்டி நிற்கக்கூடாது, இதுதான் கணக்கு. வெயிலில் ஓட்டி வந்ததும் பிளக்கைச் செருகாதீர்கள். பேட்டரி சூடு ஆறட்டும். விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிடுங்கள்.

பிளக் பாயின்ட் தள்ளி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா?
வாசகர், தாம்பரம்

கூடாது. மணிக்கணக்கில் கரண்ட் இழுக்கும் வேலைக்கு அந்த மெல்லிய ஒயர் தாங்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சார்ஜருக்கு ஏற்ற பாயின்டை எர்த்தோடு போடச் சொல்லுங்கள். சார்ஜரும் பேட்டரியும் கம்பெனி கொடுத்ததாகவே இருக்கட்டும்.

நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் தானாகப் பாய்ந்துவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நடக்குமா?
வாசகி, ஈரோடு

தானாகப் பாய்ந்திருக்காது, யாரோ கைப்பிடியைத் திருகியிருப்பார்கள். பெரும்பாலும் குழந்தைதான். அப்பா கேட்டைத் திறக்க இறங்குகிறார். முன்னால் நிற்கும் பிள்ளை, பிடிமானத்துக்கு வலது கைப்பிடியைப் பற்றித் தொங்குகிறது. பெட்ரோல் வண்டி என்றால் இன்ஜின் உறுமல், ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று காட்டிக் கொடுத்திருக்கும். இங்கே சத்தமே இல்லை. மோட்டாரோ, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும். கண் இமைப்பதற்குள் வண்டி பிள்ளையோடு கேட்டில் மோதி நிற்கும்.

கால் தரையில் இறங்குமுன் வண்டியை ஆஃப் செய்யுங்கள். திரையில் ‘ரெடி’ என்று எரிந்தால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். தள்ளிக்கொண்டு போகும்போதும் ஆஃப் செய்தே தள்ளுங்கள்.

ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு ‘லைசென்ஸ் தேவையில்லாத’ ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா?
வாசகர், தஞ்சாவூர்

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் அது பதிவும் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வண்டி; விபத்து நடந்தால் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். அப்படியே 25-ல் போனாலும் தார்ரோட்டில் விழுந்தால் மண்டை உடையும். வாங்கிக் கொடுங்கள், ஆனால் சாலை விதிகளையும் நீங்களே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

சத்தம் இல்லாததால் ஓட்டுகிறவருக்கு என்ன ஆபத்து?
வாசகர், கோவை

எதிரில் இருப்பவருக்கு ஆபத்து, வழக்கு ஓட்டுகிறவருக்கு. பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தார்கள். ஒரே தூரம் ஓடினால், மின்சார, ஹைபிரிட் கார்கள் பாதசாரிகளை இடிக்கும் வாய்ப்பு பெட்ரோல், டீசல் கார்களைவிட இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்கும் புதிய மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்பியே ஆகவேண்டும். நம் தெருவில் பெரியவர்கள் காதை நம்பித்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். பள்ளிக்கூடம், கோயில், சந்தைப் பக்கம் போனால் வேகத்தைக் குறைத்து, அவர்கள் உங்களைப் பார்த்துவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து எலெக்ட்ரிக் காரில் இறங்கினோம். பெடலை விட்டால் வழக்கமாகப் பிடிக்கும் வண்டி அன்று பிடிக்கவே இல்லை. கோளாறா?
வாசகர், திருப்பூர்

மேலேயே முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினீர்களா? அதுதான் காரணம். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் தள்ளும். அந்த இழுப்பில்தான் வண்டி நிதானப்படும். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, இழுப்பும் குறைந்துவிடும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். சமவெளியிலும் கால் பிரேக்கை மறக்க விடாதீர்கள். ஒரே பெடலில் பழகிய கால், அவசரத்தில் தடுமாறும்.

மழை வெள்ளத்தில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா?
வாசகி, வேளச்சேரி

நல்ல வண்டிகளின் பேட்டரி ஐ.பி.67 தரத்தில் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். மழைக்கு அது போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் போல இரவெல்லாம் மூழ்கிக் கிடந்தால் போதாது. உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயலின் கடல்நீர் புகுந்த மின்சாரக் கார்கள், தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, சர்வீஸ் ஆட்களை வரவழையுங்கள்.

பேட்டரியிலிருந்து புகை வந்தால் முதலில் என்ன செய்வது?
வாசகர், சேலம்

இறங்கி ஓடுங்கள். பொருளை எடுக்கத் திரும்பாதீர்கள், அந்தப் புகை விஷம். 101 அல்லது 112-க்குக் கூப்பிட்டு, எரிவது பேட்டரி வண்டி என்பதைச் சொல்லுங்கள். சாதாரணத் தீயணைப்பான் பேட்டரிக்குள் நடப்பதை நிறுத்தாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதே வழி. அணைந்த பேட்டரி மணிக்கணக்கு கழித்தும் மறுபடி பற்றும். மோதி நொறுங்கிய காரில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்த ஒயர். சில கார்களில் கதவே மின்சாரத்தில்தான் திறக்கும். கையால் திறக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னீர்கள். ஒன்றே ஒன்று செய்யச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
வாசகர், திருநெல்வேலி

ஹெல்மெட். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். தீயைக் கண்டு பயப்படும் நாம், தினமும் நடக்கும் இந்தச் சாவைக் கண்டு பயப்படுவதில்லை. வண்டி எதில் ஓடினாலும் விழுகிற தலை ஒன்றுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து இரண்டு ஹெல்மெட் வாங்குங்கள், ஒன்று பின்னால் உட்காருகிறவருக்கு. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.